கூடூரில் வண்டி எவ்வளவு நேரம் நிற்கும்

எடுத்துக்கிடுங்கக்கா. வெக்கப்படாம எடுங்க, எங்க அம்மா சுட்டுக் குடுத்தனுப்புன முறுக்கு. உடைஞ்சதை எடுக்காதீங்க, முழுசா இருக்கறதைப் பாத்து எடுங்க. உடைஞ்சதை நாங்க தின்னுக்கிடுவோம். எங்க வீட்டுப் பழக்கம் அது. சொல்லுதேன் இருங்க.

மெட்ராஸ்ல நீங்க ஏறி, "இது என் சீட்டும்மா"ன்னு தமிழ்ல சொன்னீங்க பாருங்க, எனக்கு வயிறு நெறைஞ்ச மாதிரி ஆயிட்டு. இனி ஜார்கண்டு போய்ச் சேந்தா தமிழ் பேச இவுக ஒருத்தர்தான். இவுகளும் இப்ப வாயைத் திறக்க மாட்டேங்காக. மேல் பெர்த்துல படுத்திருக்காகல்லா, அவுகதான் என் வீட்டுக்காரர். வண்டி ஏறுனதுலேர்ந்து சுவரைப் பாத்துப் படுத்தவுகதான். சாப்பாடும் வேண்டாங்காக. ஏதோ பொருத்தனை பண்ணி உபவாசம் இருக்காகன்னு நெனைக்கேன். நான் கேக்கலை. அதையெல்லாம் தோண்டித் துருவிக் கேக்கக்கூடாது.

நீங்க விஜயவாடாவுக்கா? மக வீட்டுக்கா. பேறுகாலமா. நல்லது, நல்லது. எல்லாம் சுகமா நடக்கும், நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன். நீங்க யாரைக் கும்பிட்டாலும் உங்க மகளுக்காக நான் ஜெபம் பண்ணலாம்லா.

அப்போ இந்த வழியா அடிக்கடி போயிருப்பீங்க. ஏங்க்கா, கூடூர்னு ஒரு ஊரு வருமாமே, அங்கன வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்? ஒண்ணுமில்லை, சும்மாதான் கேட்டேன். இவனுக்குப் பால் கலக்க வெந்நீர் வாங்கலாம்னு. இவன் பேரு ஆசேர். சின்னவன். டேய், அக்கா சேலையைக் கடிக்காத. பல்லு முளைக்குது, அதான் கண்டதையும் கடிக்கான்.

மூத்தது பொண்ணு. ஹெப்சி. அவளை ஊர்ல ஹாஸ்டல்ல விட்டுட்டுத்தான் வாரோம். முந்தாநாள் விட்டோம். இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ்.

ஆமா, சின்னப் பிள்ளைதான். ஏன் அப்படிப் பாக்கீங்க. எல்லாரும் இப்படித்தான் பாக்காக, கோயமுத்தூர்க்காரி ஒருத்தி வாயில கையையே வச்சுட்டா. நான் சிரிச்சுட்டேன். முதல்லேர்ந்து கேட்டாத்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்க ஊரு சாத்தான்குளத்துக்குப் பக்கம். அப்பா கோயில்ல உபதேசியார். போதகர் வராத ஞாயித்துக்கிழமை பிரசங்கம் பண்ணணும், சாவு வீட்டுக்கு முதல் ஆளாப் போகணும், மணி அடிக்கறவன் வரலைன்னா மணியும் அடிக்கணும், அதான் வேலை. எங்க வீட்ல எதை முடிவு பண்ணணும்னாலும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணணும். ஜெபம் பண்ணி எந்திரிச்ச பெறவு அப்பா ஒரே கேள்விதான் கேப்பாக. "ரெண்டுல எதும்மா ஒனக்குக் கஷ்டம்?" கஷ்டமா இருக்கறது எதுவோ அது கர்த்தர் காட்டுற வழி. லேசா இருக்கறது நம்ம மனசு காட்டுற வழி. அவ்வளவுதான். இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்துல பன்னெண்டாவது வரைக்கும்தான் படிச்சேன், எனக்கே விளங்கிட்டு.

முறுக்குல உடைஞ்சது எங்களுக்குன்னு சொன்னேன்லா, அது இங்கேருந்து வந்த பழக்கம்.

எனக்கு மாப்பிள்ளை பாத்ததும் இப்படித்தான். தூத்துக்குடி ஹார்பர்ல வேலை பாக்குற ஒருத்தர் வந்தாக. சொந்த வீடு, மாடி வேற. அடுத்த வாரம் இவுக வந்தாக, தனசிங்னு பேரு, கையில ஒரு பை, அவ்வளவுதான். "நான் மிஷனரியா வடக்க போறேன். அங்கன கரண்டு கிடையாது. ரோடு கிடையாது. வரச் சம்மதமா"ன்னு கேட்டாக. பொண்ணு பாக்க வந்த எடத்துல யாராவது இப்படிக் கேப்பாங்களா, சொல்லுங்க. நான் உள்ள போய் ஜெபம் பண்ணேன். ஹார்பர் லேசா இருந்துச்சு. அதனால இவுகளைக் கட்டிக்கிட்டேன்.

இன்னைக்கு வரைக்கும் அதுல ஒரு வருத்தம் கிடையாதுக்கா. இப்படி ஒரு மனுஷன் எங்க கிடைப்பாக. எனக்குக் காய்ச்சல் வந்தா ஓடையில போய்த் துணி துவைப்பாக, ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கரையில நின்னு சிரிக்கும். சிரிச்சா இவுகளும் சிரிப்பாக. அப்பா சொன்ன வழி பொய்க்கலைன்னு அன்னையிலேர்ந்து எனக்கு உறுதி.

நாங்க இருக்கறது ஜார்கண்டுல மலையடிவாரத்துல ஒரு கிராமம். அங்கன அரசாங்கப் பள்ளிக்கூடம் உண்டு, வாத்தியாருக்கு மனசு வந்தா வருவார். அதனால நான்தான் எங்க கோயில் கொட்டகையில ஊர்ப் பிள்ளைகளை உக்கார வச்சு எழுத்தும் கணக்கும் சொல்லிக்குடுக்கேன். முதல்ல எனக்கு அவுங்க பாஷை வராது. ஹெப்சிதான் எனக்குச் சொல்லிக்குடுப்பா. அவ அந்தப் பிள்ளைகளோடயே ஓடி வளந்தவ. பானைக்கு அவுங்க சொல்லுற வார்த்தையை நான் தப்பாச் சொன்னா முதல்ல சிரிக்கறது என் மகளாத்தான் இருக்கும்.

நீங்க என்ன கேக்க வாரீங்கன்னு தெரியுது. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறவ சொந்தப் பிள்ளைக்குச் சொல்லிக்குடுக்கக்கூடாதான்னு. எங்க அம்மாவும் இதையேதான் கேட்டா. அது வேறக்கா, இது வேற.

எங்க மிஷன்ல ஒரு வழக்கம். பிள்ளைக்கு ஒண்ணாங்கிளாஸ் வயசு வந்துட்டா ஊர்ல எங்க மிஷன் நடத்துற ஹாஸ்டல்ல விட்டிருவோம். நல்ல ஸ்கூலு, நல்ல சாப்பாடு, வேளைக்கு ஜெபம். வருஷத்துக்கு ஒரு தடவை லீவுல போய்ப் பாக்கலாம். கட்டாயம்னு யாரும் சொல்லலை. செயலாளர் ஐயாவே சொன்னாக, "வச்சுக்கிடணும்னு தோணுனா வச்சுக்கிடுங்க. ஜெபம் பண்ணி ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க"ன்னு. அப்படிச் சொன்னா என்ன அர்த்தம்? அதுதான் சோதனை. வச்சுக்கிடுறது லேசுல்லா.

மலைக்கு அந்தப் பக்கம் சுகிர்தான்னு ஒருத்தி, எங்களை மாதிரி ஊழியக்காரக் குடும்பம்தான். அவ மகனை விடமாட்டேன்னு கூடவே வச்சுக்கிட்டா. எங்க குடும்பங்க எல்லாம் சேர்ற கூடுகைக்கு வரும்போதெல்லாம் அந்தப் பையன் சேலையைப் பிடிச்சுக்கிட்டே நிப்பான். நான் ஒரு தடவை சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன், "ஏ சுகிர்தா, மடியில கெடக்கறதைக் கீழ எறக்குனாத்தானே ஊழியம்ங்கற கலப்பையில கை வைக்க முடியும்"னு. எல்லாரும் சிரிச்சாக. அவளும் சிரிச்சா. அதுக்குப் பெறவு அவ கூடுகைக்கே வாரதில்லை. உடம்புக்கு என்ன பண்ணுதோ, பாவம்.

என்ன சொல்லிக்கிட்டிருந்தேன். ஆங், எங்க முடிவு.

மூணு நாள் உபவாசம் இருந்து தனித்தனியா ஜெபம் பண்ணலாம்னு இவுக சொன்னாக. இவுக கோயில் கொட்டகையில, நான் அடுப்படியில. எனக்குக் கைப்பிள்ளை வேற, நான் எங்க போக. கடைசி நாள் சாயங்காலம், அரிசி களைஞ்சுக்கிட்டே மனசுக்குள்ள கேட்டுக்கிட்டிருக்கேன், ஆண்டவரே என்ன செய்யணும், என்ன செய்யணும்னு. ஹெப்சி வாசல்ல உக்காந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக்குடுக்கா, என்னைப் போலவே அதட்டி அதட்டி. அந்த நேரத்துல எனக்குப் பதில் வந்துச்சுக்கா.

காதுல கேட்ட மாதிரின்னு சொல்ல மாட்டேன். ஆனா வந்துச்சு. பிள்ளை உன்கூட இருக்கட்டும், அப்படின்னு. அவ்வளவு தெளிவா எனக்கு எந்த ஜெபத்துக்கும் பதில் வந்ததில்லை. மனசு அப்படியே குளிர்ந்து போச்சு. கையில களைஞ்ச அரிசியோட நான் நிக்கேன், சிரிக்கேன். பைத்தியம் மாதிரி.

அந்தச் சந்தோஷம் வந்ததும்தான் எனக்குப் பயம் பிடிச்சிட்டு. இவ்வளவு லேசா ஒரு பதிலா? நான் எதுக்கு ஆசைப்பட்டேனோ அதையே கர்த்தரும் சொல்லுவாரா? எங்க அப்பா கேட்டா நான் என்ன சொல்ல? கஷ்டமே இல்லையப்பான்னா? அப்போ அது என் மனசு போட்ட வேஷம். அப்படித்தானே அர்த்தம்.

இவுக கொட்டகையிலேர்ந்து வந்தாக. கண்ணெல்லாம் வீங்கி இருந்துச்சு. "எமிமா, ஒனக்கு என்ன பதில் கிடைச்சுது"ன்னு கேட்டாக. நான் "நீங்க முதல்ல சொல்லுங்க"ன்னேன். "இல்லை, நீ சொல்லு"ன்னாக. கொஞ்ச நேரம் நீ சொல்லு நான் சொல்லுன்னு நின்னோம், புதுசாக் கல்யாணம் ஆனவுக மாதிரி. அப்புறம் நான்தான் சொன்னேன், "அனுப்பணும்னுதான் வந்துச்சுங்க."

இவுக என்னையே பாத்தாக. ரொம்ப நேரம் பாத்தாக. பெறவு, "எனக்கும் அதான்"னாக.

பாத்தீங்களாக்கா. தனித்தனியா உக்காந்து ஜெபம் பண்ணி ரெண்டு பேருக்கும் ஒரே பதில். இதுக்கு மேல என்ன உறுதி வேணும். நான் எனக்கு வந்ததை மாத்திச் சொன்னேன்தான், ஆனா இவுகளுக்கு அப்படியே வந்திருக்குல்லா. அதுலேர்ந்துதான் எனக்குத் தெரிஞ்சுது, அடுப்படியில வந்தது கர்த்தர் பேசுனது இல்லைன்னு. நல்லவேளை வாயைத் திறக்கலை.

இவுகளுக்கு அன்னைக்கு என்ன உற்சாகம்ங்கீங்க. உபவாசம் முடிச்சுக் கஞ்சி குடிங்கன்னேன், குடிக்கலை. நேரா வீட்டுக்குப் பின்னால போய் விறகு பிளக்க ஆரம்பிச்சாக. விறகு ஏற்கனவே அடுக்கி வச்சது கூரை வரைக்கும் கெடக்கு. வெளிச்சம் மங்குற வரைக்கும் பிளந்தாக. கையெல்லாம் கொப்புளம். கர்த்தருடைய சித்தம் தெரிஞ்சுட்டா மனுஷனுக்கு அப்படி ஒரு பலம் வரும்.

ஹெப்சிகிட்ட நான்தான் சொன்னேன். அவ அழலை. அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. நாங்க வீட்ல ஒரு விளையாட்டு வச்சிருக்கோம். குடும்ப ஜெபம் முடிஞ்சதும் இவுக அவகிட்ட ரெண்டு காரியம் சொல்லுவாக, எது கஷ்டம்னு அவ கண்டுபிடிக்கணும். பெரிய வெல்லக்கட்டியைத் தம்பிக்குக் குடுக்கறதா, சின்னதைக் குடுக்கறதா. வம்புக்கு வந்த பிள்ளைகிட்டப் பேசறதா, பேசாம இருக்கறதா. கண்ணை மூடி ஜெபம் பண்ணிட்டு, கஷ்டமானதைச் சொல்லிட்டான்னா நாங்க கைதட்டுவோம். கைதட்டு வாங்கறதுல அவளுக்கு அப்படி ஒரு ஆசை. அங்கன குளிர்காலத்துல பல்லு கிட்டிப் போகும், நான் வெந்நீர் வச்சிருப்பேன், அவ "பச்சத்தண்ணி போதும்மா"ன்னு ஊத்திக்கிடுவா. உதடெல்லாம் நீலம் பாஞ்சு, நடுங்கிக்கிட்டே என் கையைப் பாப்பா, தட்டுதேனான்னு.

தட்டுவேன். பின்னே.

முந்தாநாள் ஹாஸ்டலுக்குக் கூட்டிட்டுப் போனோம். பெரிய இரும்பு கேட்டு, லாரியே போகலாம். ஆனா அதைத் திறக்க மாட்டாங்க. அந்தக் கேட்டுக்குள்ளயே ஒரு சின்னக் கதவு வச்சிருக்கு, குனிஞ்சு காலைத் தூக்கி வச்சுத்தான் உள்ள போகணும். பெத்தவங்க வாசலோட நின்னுக்கிடணும்னு வார்டன் சொன்னாக. உள்ள வந்தா பிள்ளைகள் அழுவாங்களாம். முதல் மாசம் போனும் பேசக்கூடாதாம். பழகட்டும்னு. சரியாத்தான் இருக்கும், எத்தனை பிள்ளைகளைப் பாத்தவுக அவுக.

இவுக கேட்டை ஒட்டி இருக்கற ஆபீஸ் ரூமுக்குக் கையெழுத்துப் போடப் போனாக. நானும் ஹெப்சியும் கேட்டுக்கு வெளியே. நான் அவ ரிப்பனை அவுத்து அவுத்துக் கட்டுதேன். நல்லாத்தான் இருந்துச்சு, இருந்தாலும் அவுத்துக் கட்டுதேன். அப்போ எனக்கு என்ன வந்ததோ தெரியலை. கேட்டுட்டேன். "ஹெப்சி, ஒனக்கு எங்ககூட வரணும்னா சொல்லு. அப்பா வரட்டும், இப்பவே கூட்டிட்டுப் போயிருதேன். ஜெபம் பண்ணிட்டுச் சொல்லு."

பிள்ளைகிட்டக் கேக்கலாமா அப்படி. ஆனா கேட்டுட்டேனே.

அவ கண்ணை இறுக்க மூடிக்கிட்டா. கையைக் கூப்பிக்கிட்டா. ரோட்ல பஸ்ஸு போகுது, லாரி போகுது, அவ அசையலை. நான் அவ வாயையே பாத்துக்கிட்டு நிக்கேன். என் பரிட்சை ரிசல்ட்டுக்குக் கூட நான் அப்படி நின்னதில்லைக்கா. கண்ணைத் திறந்தா. "உங்ககூட வரணும்னுதான்மா வருது"ன்னா.

நான் அவ பையைத் தூக்கவே போயிட்டேன். கையில பிடிச்சிட்டேன் பையை.

அவ யோசிச்சா. நெத்தியைச் சுருக்கிக்கிட்டு, இவுக கணக்குப் போடும்போது சுருக்குவாகல்லா, அதே மாதிரி. "ஆனா அது லேசா இருக்கேம்மா"ன்னா. "அப்போ அது இல்லம்மா."

பையை என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டா. அந்தச் சின்னக் கதவுல காலைத் தூக்கி வச்சு உள்ள போனா. போயிட்டு, திரும்பி நின்னு என் கையைப் பாத்தா.

வழக்கமாத் தட்டுவோம்லா. எனக்குக் கை வரலை. ரெண்டு கையும் இருக்கு, வரலை. இந்தப் பயலை இடுப்புல வச்சிருந்தேன், அதனாலயா இருக்கும். கொஞ்ச நேரம் பாத்தா. பெறவு வார்டன் கூப்பிட்டாக, போயிட்டா.

இவுக வெளியே வந்து, "அழுதாளா"ன்னாக. இல்லைன்னேன். "ஏதாவது சொன்னாளா"ன்னாக. ஒண்ணும் சொல்லலைன்னேன். பஸ்ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தோம், ஆட்டோ வேண்டாம்னுட்டாக.

எங்க ஊர்க் கோயில்ல நேத்து பிள்ளையை விட்டதைச் சாட்சியாச் சொல்லச் சொன்னாக. நான் எழும்பிச் சொன்னேன், அழாமப் போனா, சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு விசுவாசம் பாருங்கன்னு. எல்லாரும் அல்லேலூயா சொன்னாக. எங்க அப்பாவுக்குக் கண்ணுல தண்ணி. எங்க அம்மா மட்டும் எழும்பி வெளியே போயிட்டா. அவளுக்கு எப்பவுமே விசுவாசம் கொஞ்சம் கம்மி.

ஏன்க்கா, முறுக்கு அப்படியே கையில இருக்கு. உப்பு கூடிட்டா?

வண்டி மெதுவாகுதே. கூடூரா இது?

அக்கா, ஒண்ணு கேக்கட்டா. தப்பா நெனைக்காதீங்க. இப்போ ஒருத்தி இங்கன எறங்கி, எதிர் வண்டியைப் பிடிச்சு, திரும்பப் போறான்னு வைங்க. சும்மா ஒரு பேச்சுக்கு. போய்ப் பிள்ளையைப் பாக்கறது லேசு. கூட்டிட்டு வந்துட்டா அதைவிட லேசு. ஆனா இவுககிட்ட எனக்கு வந்த பதில் வேறன்னு சொல்லணும். சபையில எழும்பிச் சொல்லணும். அப்பா முகத்தைப் பாக்கணும். சுகிர்தா முகத்தைப் பாக்கணும். அப்போ அதுதான் கஷ்டம். இப்படியே உக்காந்து ஜார்கண்டு போறதும் கஷ்டம்தான். ஆனா உக்காந்துக்கிட்டே இருந்தாப் போதும், அதுவாப் போய்ச் சேந்துரும். அப்போ அது லேசா? எனக்கு இதுவரைக்கும் இப்படிக் குழம்புனதே கிடையாது. ரெண்டு காரியத்தை முன்னால வச்சா எது கஷ்டம்னு பட்டுனு சொல்லிருவேன். இப்போ ரெண்டும் ஒண்ணு மாதிரியே கெடக்கு. உங்களுக்கு வெளங்குதா? வெளங்குனா சொல்லுங்க. நான் அதையே செஞ்சிருதேன்.

இருங்க, இவுக எந்திரிச்சிட்டாக.

என்னங்க, தூக்கம் தெளிஞ்சுதா. கூடூராம். இவுக விஜயவாடா போற அக்கா, மகளுக்குப் பேறுகாலமாம். என்னது? அக்கா, இவுகளும் கேக்காக பாருங்க, இங்கன எவ்வளவு நேரம் நிக்கும்னு. தண்ணி பிடிக்கவா? பாட்டில் நெறைஞ்சு இருக்கேங்க. சரி சரி, போயிட்டு வாங்க. அப்படியே இவனுக்குக் கொஞ்சம் வெந்நீர்.

எங்கக்கா போறாக? உங்க பக்கத்து ஜன்னல்ல தெரியுதா. குழாய் அந்தப் பக்கம்லா இருக்கு, இவுக எதுக்கு இந்த ஓரத்துல வந்து நிக்காக. எதிர்ல ஒரு வண்டி நிக்குதே, அது எங்க போறது? மெட்ராஸுக்கா. அதையேதான் பாத்துக்கிட்டு நிக்காக. எனக்கும் அப்படித்தான், வேற வண்டியைக் கண்டா சும்மா பாத்துக்கிட்டே நிப்பேன்.

ஊதிட்டான். அக்கா, பிள்ளையைக் கொஞ்சம் பிடிங்க. என்னங்க. என்னங்க, ஏறுங்க. வண்டி நகருது. என்னங்க.

ஏறிட்டாக. கதவு கிட்ட ஓடி வந்து ஏறிட்டாக. எனக்கு உயிரே இல்லை போங்க.

வெந்நீர் எங்க? சரி, பரவாயில்லை. பாட்டிலைக் காட்டுங்க. இங்க பாருங்கக்கா இவுக பண்ண வேலையை. நெறைஞ்ச பாட்டிலைக் கொண்டுபோய்க் காலியாக் கொண்டாந்திருக்காக. பழைய தண்ணின்னு கீழ கொட்டிட்டாகளாம். புதுசு பிடிக்க மறந்துட்டாகளாம். சிரிப்பா வருது எனக்கு. மேல ஏறிப் படுங்க, போங்க, நான் பாத்துக்கிடுதேன்.

சுவரைப் பாத்துத் திரும்பியாச்சு. பாத்தீங்களா.

குடுங்கக்கா இவனை, உங்களுக்குக் கை வலிக்கும். முறுக்கு இன்னும் இருக்கு, எடுங்க. முழுசா எடுங்க.

அடுத்து பெரிய ஊரு எதுக்கா? நெல்லூரா. அங்கன வண்டி எவ்வளவு நேரம் நிக்கும்?